முதுகுக்காரருக்கு ஒரு குளோசப்

1

"முகம் வரட்டும், முகம் வரட்டும்னு இன்னும் எத்தனை வருஷம் சொல்வீங்க? வெள்ளிக்கிழமைக்குள்ள நான் பதில் சொல்லணும்."

"கத்தாதேம்மா. கீழ்வீட்டுல கேட்கும்."

கேட்டது. இந்தக் கதை பிறந்ததே அப்படித்தான், கீழ்வீடு என்னுடையது. (ஒட்டுக்கேட்கவில்லை. மாடிப்படியருகே துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். சரி, துணி காய்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது.)

கத்தியவள் பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுப்பவள். வேறு ஊரில் திறக்கும் கிளைக்கு அவளை மேலாளராகக் கூப்பிட்டிருந்தார்கள். கெஞ்சியவர் அவள் கணவர், சினிமா நடிகர். கதாநாயகி யாரோ ஒருவர் தோளில் சாய்ந்து அழுவாளே, அந்தத் தோள் இவருடையது. திரையில் முதுகுதான் தெரியும், முகம் ஒருபோதும் வந்ததில்லை. தெரு வைத்த பெயர் முதுகுக்காரர்.

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'புகழின் வெளிச்சம் தேடி அலைந்த அந்தக் கலைஞனின் நெஞ்சில்—'

வேண்டாம். அவர் நெஞ்சை யாரும் படம்பிடித்ததில்லை.

3

அந்த வாரமே அவருக்கு ஒரு வாய்ப்பு வந்தது. வாய்ப்பில்லாத நடிகர்களைப் பற்றி, ஆவணப்படம் போலவே எடுக்கும் ஒரு நகைச்சுவைப் படம். அவரவர் அவரவராகவே நடிக்க வேண்டும். (நான் செய்வதும் ஏறக்குறைய அதுதான். கேமராவுக்குப் பதில் ஜன்னல்.) படப்பிடிப்பு வியாழக்கிழமை, அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே. நாற்காலி இரவல் கொடுக்கும் சாக்கில் நானும் போய் நின்றேன்.

கேமரா முகத்துக்கு நேரே வந்ததும் மனிதர் அடையாள அட்டைக்கு உட்கார்ந்தவர்போல் விறைத்துவிட்டார்.

"இயல்பா இருங்கண்ணே," என்றான் இயக்குநர்.

"இயல்பாத்தான் தம்பி இருக்கேன்."

"அப்ப மூச்சாவது விடுங்க."

வேலைக்குக் கிளம்பிய மனைவி எட்டிப்பார்த்தாள். "ஸ்கூட்டர் சாவி எங்க?"

அவர் திரும்பி அலமாரியைத் துழாவினார். துழாவிக்கொண்டே, "இதுவும் எனக்கு வரலம்மா. உன்கூடவே வந்துடுறேன். நீ கத்தினப்பவே மனசுக்குள்ள பெட்டி கட்டிட்டேன். சொல்லத்தான் வெட்கமா இருந்துச்சு," என்றார்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

"இதையே இந்தப் பக்கம் திரும்பி ஒரு தடவை சொல்லுங்கண்ணே. முகம் வரும்."

அவர் மனைவியைப் பார்த்தார்.

"உங்க இஷ்டம்," என்றாள். அவள் அதைக் கோபமில்லாமல் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

"வேண்டாம் தம்பி. சொல்ல வேண்டியவகிட்ட சொல்லியாச்சு."

பீரோவை மாடி ஏற்றி இறக்கி வைத்தவர்போல் ஒரு மூச்சு விட்டார்.

4

முடிவு அ: அந்தக் காட்சியால் படம் ஓடி, தயாரிப்பாளர்கள் வாசலில் வரிசையாக— (வீடு பூட்டியிருக்கிறதே.)

முடிவு ஆ: அவர் ஒருநாள் வருந்தி— எழுத மனம் வரவில்லை. அவள் எனக்கு ஃபோன் செய்யும்போதெல்லாம் பின்னால் அவர் பாடுவது கேட்கிறது, சுருதி சேராமல்.

படம் வெளியாகிவிட்டது. அந்தக் காட்சி இருக்கிறதா, வெட்டிவிட்டார்களா என்று நான் எழுதப்போவதில்லை. நீங்களே போய்ப் பாருங்கள். பார்த்தாலும் அவரிடம் சொல்லாதீர்கள்.

இயக்குநர் மேக்கப் போட வந்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். மாடிவீட்டுக்காரர்கள் அடுத்த மாதமே கிளம்பினார்கள். அவர் லாரியின் பின்பக்கம் சாமான்களோடு உட்கார்ந்து போனதால், தெருமுனை திரும்பும்வரை அவர் முகம் எங்களுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. அப்படியொன்றும் மோசமில்லை.