கசப்புச் சர்க்கரை

நாக்கை நம்பிப் பிழைக்கிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர் உண்டு. வக்கீல், தரகர், மேடைப் பேச்சாளர் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அவர்களுக்கெல்லாம் பேசினால்தான் பிழைப்பு. இவளுக்கு வாயை மூடிக்கொண்டு ருசி பார்த்தால்தான் சம்பளம். உணவுப் பரிசோதனைக்கூடத்தில் சுவை பார்க்கிற குழுவுக்கு இவள்தான் தலைவி. கூட வேலை செய்கிறவர்கள் ‘நாக்குராணி’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அங்கே ஒரு வெள்ளைத் தூள் உண்டு. சர்க்கரையிலிருந்துதான் செய்கிறார்கள், வாயில் வைத்தால் அடித்தொண்டை வரைக்கும் கசக்கும். சுக்ரோஸ் ஆக்டாஅசிடேட் என்ற முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்பதால் எல்லோருக்கும் அது கசப்புச் சர்க்கரை. விஷமெல்லாம் இல்லை, உணவில் துளியூண்டு சேர்க்கிறதுதான். இங்கே அதை வைத்து யார் நாக்கு எவ்வளவு கூர்மை என்று அளப்பார்கள். கூண்டு எலிகளில் சில ஒரு சொட்டுக்கே ஓடிப்போகும், சில பச்சைத் தண்ணீராகக் குடித்துவிட்டு இன்னும் கேட்கும். மனிதர்களிலும் மந்த நாக்குக்காரர்கள் உண்டு. இவளுடைய கணவன் அந்த ஜாதி. கல்யாணமான புதிதில் கொடுத்துப் பார்த்தபோது, “தண்ணிதானே?” என்று கேட்டான். இனி என்ன சமைத்தாலும் தப்பித்துக்கொள்ளலாம் என்று இவள் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவர்களுடைய ஒரே மகள் பாப்பா விரல் சப்புவாள். பெஞ்சிலிருந்து விழுந்து முன்பல் ஒன்று போன பிறகும் அந்த ஓட்டைக்குள் கட்டைவிரல் வசதியாகப் போய் உட்கார்ந்துகொண்டது. விரலில் தடவக் கடையில் விற்கிற கசப்பு மருந்துக்கு அவள் மசியவில்லை. நாக்குராணிக்கு ரோஷம் வந்துவிட்டது. பரிசோதனைக்கூடத்துத் தூளையே கெட்டியாகக் கரைத்து, பழைய நகப்பூச்சுப் புட்டியில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

“அம்மா போதும்னு சொல்ற வரைக்கும் தினம் காலையில தடவிக்கணும். சரியா?”

பாப்பா தலையாட்டினாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. கொஞ்ச நாளில் தானே குட்டிப் பிரஷ்ஷை எடுத்துத் தடவிக்கொள்ளப் பழகிவிட்டாள். ஆனால் மத்தியானத் தூக்கத்துக்கு அம்மாவின் கட்டைவிரல் வேண்டும். அதை வாய்க்குள் வைத்துக்கொண்டால்தான் கண் சொக்கும். இவளும் மனசு கேட்காமல் கொடுத்துவிடுவாள்.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து, காலையில் இவளே விரலைப் பிடித்துத் தடவிவிட்டாள். சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பாப்பா விரலை வாயில் வைத்தாள், முகம் கோணியது. அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். தடவிய கை அல்லவா, அதுவும் கசந்தது. அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுபடி இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பாப்பாவைப் புதைத்துவிட்டு வந்த பிறகு எத்தனையோ பேர் ஆறுதல் சொன்னார்கள். இவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த முகம் ஒரு தரம் தன் பக்கம் திரும்ப வேண்டும்.

மாதங்கள் போயின. ஒருநாள் காலை, தம்ளரை வாயில் வைத்தவள் அப்படியே நின்றாள். விளிம்பு கசந்தது.

கழுவிவிட்டுக் குடித்தாள், சரியாக இருந்தது. மறுநாள் தலையணை ஓரம் கசந்தது. அடுத்து மறுபடி அதே தம்ளர், பிறகு ஜன்னல் கம்பி. மேல்கம்பியில் ஒன்றுமில்லை, பிள்ளையின் கை எட்டுகிற கீழ்க்கம்பியில் மட்டும் கசப்பு. வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து நக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவளைக் கணவன் தோளைப் பிடித்து நிறுத்தினான். தம்ளரைத் தானும் நக்கினான்.

“எனக்கு ஒண்ணும் தெரியலையே...”

“உங்களுக்கு எப்படித் தெரியும்!” என்று கத்தினாள். தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்தாள். அதைத் தெரிந்துகொள்ள அவள் கையில் ஒரு வழிதான் இருந்தது.

மறுநாள் அந்தத் தம்ளரைத் துணியில் சுற்றி வேலைக்கு எடுத்துப்போனாள். தண்ணீர் ஊற்றி அலசி, அந்தத் தண்ணீரை ஒவ்வொரு தட்டிலும் ஒரு கப்பில் ஊற்றினாள். இன்னும் இரண்டு கப்பில் வெறும் தண்ணீர். மூன்றில் எது வேறு என்று சொல்ல வேண்டும், குழுவின் அன்றாட வேலையே அதுதான். நிறம் பார்த்து யாரும் ஊகித்துவிடாமல் இருக்கச் சிவப்பு விளக்கு போட்ட சின்னச் சின்ன அறைகள். சுவரில் இருக்கிற துவாரம் வழியாக ஒவ்வொருவருக்கும் தட்டைத் தள்ளினாள். எல்லோரும் தவறிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். ஒருவராவது கண்டுபிடிக்க வேண்டும் என்றும் அதே மூச்சில் வேண்டிக்கொண்டாள்.

ஒருவர் தவறாமல் அத்தனை பேரும் அதே கப்பைத் திருப்பித் தள்ளினார்கள்.

“நம்ம கசப்புச் சர்க்கரைதானே அக்கா?” என்றாள் கடைசி அறைக்காரி, துவாரத்துக்கு அந்தப் பக்கமிருந்து. “ஆனா கோச்சுக்காதீங்க, இது யாரோ வாய் வச்சுக் குடிச்ச தண்ணி மாதிரி இருக்கு. சின்னப் பிள்ளை எச்சில் வாடை அடிக்குது.”

அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். கணவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“அந்தப் புட்டியை எங்க வச்சீங்க?”

அவன் கை தட்டிலேயே நின்றது. “வீட்டுல இருந்தா நீ அதையே பாத்துட்டு உக்காந்திருப்பேன்னு...” தட்டைத் தள்ளி வைத்தான். “பெட்டியை மூடுறதுக்கு முன்னாடி பாப்பா கைப்பக்கத்துல வச்சுட்டேன்.”

அவளுக்குப் பயத்தையும் தள்ளிக்கொண்டு ஒரு அழுகை வந்தது. அம்மா போதும் என்று சொல்கிற வரைக்கும் தடவிக்கொள்ள வேண்டும். அந்தப் ‘போதும்’ சொல்லப்படவே இல்லை. பிள்ளை அங்கே தினம் காலையில் புட்டியைத் திறந்துகொண்டிருக்கிறாள்.

சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். கட்டைவிரலை நக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கழுவினாள். பாப்பா தூங்குகிற அறைக்குப் போய், சுவரைப் பார்த்து வெறும் பாயில் படுத்துக் கையை நீட்டினாள். கணவன் வாசற்படியைத் தாண்டி வரவில்லை.

“போதும்டா கண்ணு,” என்றாள். “இனிமே தடவாத. அம்மா கை கசக்காது. வா.”

எப்போது கண் அயர்ந்தாள் என்று தெரியவில்லை. எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கட்டைவிரல் ஈரத்தில் ஊறிச் சுருங்கியிருந்தது. தோலில் பல் தடம், சின்னச் சின்னதாக, வரிசையாக. முன்னால் ஒரு பல்லுக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். கசக்கவில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எதுவும் கசந்ததில்லை. கணவன் நிம்மதியாக மூச்சு விட்டான். அவள் மட்டும் தினம் காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் தம்ளர்களை வரிசையாக எடுத்து வைத்து, ஒவ்வொன்றின் விளிம்பிலும் நாக்கை வைத்துப் பார்க்கிறாள்.