கண்ணாடிக்கு ஒரு தேங்காய்

நான் வாங்கியது மிகவும் பழைய கார். அப்பா அதற்குத் திருஷ்டி சுற்றி, பின்னால் நின்று தேங்காயை ஓங்கி உடைத்தார். தேங்காய் உடையவில்லை. எகிறிப் போய்ப் பின் கண்ணாடியை உடைத்தது. கண்ணாடி கற்கண்டுபோல் சீட்டில் கொட்டியது.

“பாரு, எவ்வளவு கண்ணு பட்டிருக்கு,” என்றார் அப்பா.

திங்கட்கிழமை திருவாரூர்க் கல்லூரி ஒன்றில் நான் வேலைக்குச் சேர வேண்டும். ஞாயிறன்று மெக்கானிக் காயாரோகணம் எங்கிருந்தோ ஒரு கண்ணாடி தேடிக் கொண்டுவந்தார்.

“இந்த மாடலுக்கு டெல்டாவுலயே இது ஒண்ணுதான். இதுவும் போச்சுன்னா சாக்கைத் தைச்சு மாட்டிக்குங்க.”

சுற்றிலும் ரப்பரை மாட்டி, அதன் பள்ளத்தில் கயிற்றை ஓட்டி, சோப்புத் தண்ணீர் தடவினார். வெளியே நான் அழுத்த, உள்ளிருந்து அவர் கயிற்றை இழுக்க, கண்ணாடி உட்கார்ந்தது. திரும்பினேன். அப்பா தேங்காயுடன் நின்றார். முந்தையதைவிடப் பெரியது.

தேங்காய் எந்தக் கோணத்தில் எகிறும் என்று யோசித்தேன்.

“அண்ணே, நான் கழட்டிடறேன். உடைச்சப்புறம் மாட்டிக்கலாம்,” என்றார் காயாரோகணம்.

கழற்றிய கண்ணாடியைக் கட்டிலில் படுக்க வைத்துப் போர்வை போர்த்தினோம். அப்பா காரைச் சுற்றி உடைத்தார். தேங்காய் சமர்த்தாக உடைந்தது. மறுபடியும் மாட்டினோம்.

அப்பா யோசித்தார். “காருக்குச் சுத்தியாச்சு. அப்ப கண்ணாடி வீட்டுக்குள்ளதானே இருந்துச்சு? அதுக்கு?”

“நியாயந்தானே,” என்று அம்மா அடுத்த தேங்காயை எடுத்து வந்தாள்.

காயாரோகணம் கயிற்றைப் பைக்குள் போட்டார். “இன்னொரு தடவை கழட்டினா ரப்பர் தாங்காது.”

“நீங்க சுத்துங்கப்பா,” என்றேன். “உடைக்கிறதை நாளைக்கு வழியில நான் பாத்துக்கறேன்.”

மறுநாள் நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அப்பா போன் செய்தார்.

“உடைச்சிட்டியா?”

“இல்லப்பா.”

“அதை வச்சுக்கிட்டு வேலையில போய்ச் சேராத.”

தேங்காயோடு இறங்கி முன்னே நடந்தேன். என் கண்ணாடியை விட்டு வெகுதூரம் வந்தாயிற்று. ஆனால் நின்ற வண்டிகளில் எல்லாம் கண்ணாடி இருந்தது. பஸ்ஸில் எத்தனை! கேட் கீப்பர் அறைக்கும் ஜன்னல் கண்ணாடி.

கடைசியில், கேட்டை ஒட்டி ஒரு டிராக்டர். அதில் கண்ணாடியே இல்லை. அதன் பின்னால் நின்று ஓங்கி உடைத்தேன்.

டிராக்டர்காரர் திரும்பிப் பார்த்தார். “நம்ம வண்டிக்காம்மா?”

“ஆமாங்க,” என்றேன்.

அவர் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.