முப்பத்தேழாம் எண்ணுக்கு வெறும் கண்ணாடி

திருப்பதியில் கண் பரிசோதகர்களைப் பயிற்றுவிக்கும் அந்த அரசுக் கல்லூரிக்கு நாகபூஷணம் முதல்வராகி ஆறு வருஷம். ஒன்பது விரிவுரையாளர் இடங்களில் ஐந்து காலி. பெட்டியிலுள்ள லென்ஸ்களில் பாதி கீறல் விழுந்தவை. இதையெல்லாம் கேட்டு ஐதராபாத் தலைமை அலுவலகத்துக்கு அவர் எழுதிய கடிதங்களின் நகலைத் தேதிவாரியாக அடுக்கினால் முழங்கால் உயரம் வரும்.

ஆகவே ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்குக் கேட்டதும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வேலை எளிதுதான். சத்தியவேடு பக்கம் புதிதாக வந்த வெளிநாட்டுக் கம்பெனிகளில், நாற்பது வயது தாண்டிய அறுபது பேர். பாதிப் பேருக்குச் சரியான பவர் கண்ணாடி. மீதிப் பேருக்குப் பவரே இல்லாத வெறும் கண்ணாடி. யாருக்கு எது என்று அவர்களிடம் சொல்லக் கூடாது. ஆறு மாதம் படிக்க வைத்துப் பார்க்க வேண்டும். முடித்துக் கொடுத்தால் கல்லூரிக்குப் புது ஆய்வுக்கூடம். நாற்பத்தெட்டுப் பேருக்குக் குறைந்தால் எல்லாம் வீண். மூன்று மாதத்துக்குள் பன்னிரண்டு பேர் குவைத்துக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். மிச்சம் சரியாக நாற்பத்தெட்டு.

முப்பத்தேழாம் எண் செங்கம்மா, நாராயணவனத்துக்குப் பக்கத்து ஊர். கம்பெனியில் கடுகளவு திருகுகளைப் பூட்டுகிற வேலை. மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு வந்தவள் உட்காருமுன்பே ஆரம்பித்தாள்.

"சார், ஸ்க்ரூ தப்பாப் பூட்டறேன்னு சூப்பர்வைசரு கத்திக்கினே இக்கிறான். கண்ணு நல்லாத் தெரியுதுன்னு காலேஜ்ல எய்தி வாங்கினு வா, இல்லாங்காட்டி திங்கக்கிழமையிலேர்ந்து வராதன்னுட்டான்."

"மொதல்ல படிம்மா."

அட்டையைக் கையில் கொடுத்தார். பெரிய எழுத்திலிருந்து கடைசிப் பொடி எழுத்துவரை தங்குதடையின்றி வாசித்தாள். நாகபூஷணம் பதிவேட்டை மறுபடி புரட்டிப் பார்த்தார். வெறும் கண்ணாடிக்காரி இப்படிப் படித்தால் ஆராய்ச்சி என்னாவது? வேறொரு அட்டையை எடுத்தார். கடைசி வரி மட்டும் தெரியும்படி மேலே காகிதத்தை வைத்து மறைத்தார்.

"இதப் படி."

"மழை பெய்த மறுநாள் சந்தையில் கத்தரிக்காய் விலை இறங்கியது."

"இதுல கத்தரிக்காயே கெடையாது. ரயிலப் பத்தி எழுதியிருக்குது."

அவள் முகம் செத்துப்போனது. "வெளிய பெஞ்சில குந்திக்கினு, உள்ள படிக்கறவங்க சொல்றதக் கேட்டு நெட்டுருப் போட்டேன் சார். தப்புதான். வூட்ல துன்றதுக்கு இந்தச் சம்பளம்தான் சார்."

"கவர்மெண்ட் ஆராய்ச்சியில திருட்டுத்தனமா? வெளிய நில்லு."

விரிவுரையாளர் ரூபா கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "சார், முப்பத்தேழோட பவர் கண்ணாடி ரெடியா அந்த ட்ராயர்லயே இருக்குது. ஆராய்ச்சி முடிஞ்சு ஜூன்ல குடுக்கறத இன்னிக்கே குடுத்தா என்ன?"

"குடுத்தா நாற்பத்தேழு ஆயிடும். நீ எண்ணிப் பாத்தியா?"

"வேல போயிடும் சார்."

"போகட்டுமே. கண்ணு நம்மகிட்ட வந்தாப் போதும்."

"அப்ப, தெரியுதுன்னாவது எழுதிக் குடுங்க."

"இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல நான் பொய்யா ஒரு வரி எழுதினதில்ல, ரூபா."

கல்லூரியின் தாளை எடுத்துத் தேதி போட்டு, ஆங்கிலத்தில் எழுதினார்: இன்னார் எங்களிடம் பரிசோதிக்கப்பட்டார்; கண்ணாடி அணிந்தும் கிட்டத்திலுள்ளதைப் பார்க்கும் பார்வை போதாது. ஒவ்வொரு சொல்லும் உண்மை. முத்திரை குத்தி உறையில் போட்டு ஒட்டிய பிறகு செங்கம்மாவைக் கூப்பிட்டார்.

"சூப்பர்வைசர் கையிலயே குடு."

"எய்திக் குட்த்துட்டீங்களா சார்?" காலில் விழப்போனாள். "நீங்க நல்லா இக்கணும். எங்க அக்கா குவைத்துக்கு வான்னு கூப்டுக்கினே இக்கிறா. நான்தான் போவல. இங்கயே வேல இக்கும்போது எதுக்குப் போவணும்?"

நாகபூஷணம் எழுந்து பீரோவைத் திறந்து, கையெழுத்துக்குக் கோடு போட்ட ஒரு படிவத்தை எடுத்தார். குவைத் என்ற சொல் அவர் காதில் விழுந்துவிட்டது.

"இரும்மா. ஜூன் வரைக்கும் எங்கயும் போவமாட்டேன், கூப்பிட்டப்ப வருவேன்னு ஒரு கையெழுத்து."

"இதுக்கென்ன சார்!" சந்தோஷமாகப் பேனாவை வாங்கினாள். தாளை எட்டப் பிடித்தாள், கிட்டக் கொண்டுவந்தாள். "எங்க சார் போடணும்?"

ரூபா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நாகபூஷணம் செங்கம்மாவின் விரலைப் பிடித்துக் கோட்டின்மேல் வைத்தார். கையெழுத்து கோட்டை விட்டு இரண்டு விரற்கடை கீழே விழுந்தது.

"இது செல்லாது," என்று வேறு தாள் எடுத்தார். "திரும்பப் போடு."