உண்மையான உரிமையாளர்

கம்பெனி மதில் சுவரில் அப்பாவின் முகத்தை இரண்டு பேர் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வாளித் தண்ணீரை அள்ளி அடிக்க, இன்னொருவர் தகட்டால் வழித்தார். நெற்றியும் கண்ணாடியும் போய்விட்டன. மீசையும் சிரிப்பும் மட்டும் பாக்கி இருந்தன.

எப்சி ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னாள். அவள் மடியில் மாலையும், பிரேதத்துக்குப் போடுகிற வெள்ளைக் கையுறையும் இருந்தன. வண்டி ஓட்டிய ஜோவின் இறங்கி ஓடினான்.

"இன்னாண்ணா பண்றீங்க? மூணு மணிக்கு அடக்கம். அதுக்குள்ள கிழிக்கிறீங்களே!"

"ஜெபராஜ் சார எங்களுக்குத் தெரியாதா தம்பி?" என்றார் வாட்ச்மேன், முகத்தைப் பார்க்காமல். "மேனேஜர் சொல்லிட்டாரு. ஆம்பூர்ல ஒண்ணுகூட இருக்கக்கூடாதாம்."

போஸ்டர் ஜோவினின் கைவண்ணம். எப்சியின் சித்தி மகன். மாதனூரில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறான். முந்தின நாள் மதியம் அப்பா இறந்ததும் போட்டோ தேடி பீரோவைக் குடைந்தபோது அவன் கையில் ஓர் ஆங்கிலக் கடிதம் சிக்கியது. அப்பாவின் பெயருக்குக் கீழே டைரக்டர் என்று போட்டிருந்தது. சொந்தக்காரர்கள் மத்தியில் பொட்டி எண்ணுகிற ஆள் என்றே பேர் வாங்கிய பெரியப்பாவுக்குச் செத்த பிறகாவது ஒரு மரியாதை கிடைக்கட்டும் என்று நினைத்துவிட்டான். ஒருவரையும் கேட்கவில்லை. கண்ணீர் அஞ்சலி என்று போட்டு, 'ஷூ கம்பெனியின் இருபத்தாறு வருட டெஸ்பாட்ச் கிளார்க்கும், மரோனா ஹோல்டிங்ஸ் வெளிநாட்டுக் கம்பெனியின் டைரக்டருமான திரு. ஜெபராஜ் அவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று அச்சடித்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து கம்பெனி கேட் வரைக்கும் ஒட்டிவிட்டான். அந்த இரண்டு கம்பெனியின் பெயரும் ஒரே தாளில் வந்துவிடக்கூடாது என்பதற்குத்தான் சென்னையில் இருக்கிற முதலாளி அத்தனை வக்கீல்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார் என்பது ஜோவினுக்கு எப்படித் தெரியும்?

எப்சிக்குத் தெரியும். ஆம்பூரில் தைக்கிற ஷூ நேராகச் சென்னைத் துறைமுகம் போய் ஜெர்மனிக்குக் கப்பலேறும். காகிதத்தில் மட்டும் அது வேறு வழியாகப் போகும். எங்கோ ஒரு தீவில் இருக்கும் மரோனாவுக்குக் கம்பெனி அதை அடிமாட்டு விலைக்கு விற்கும். மரோனா அதையே மூன்று மடங்குக்கு ஜெர்மனிக்காரனுக்கு விற்கும். நடுவில் நிற்கிற லாபம் தீவிலேயே தங்கிவிடும். அங்கே வரி கிடையாது. ஒரு ஜோடி ஷூகூட அந்தத் தீவின் மண்ணை மிதித்ததில்லை.

பெரிய நாட்டுத் தலைவர்கள் வருஷம் தவறாமல் கூடி, இதை ஒழித்துக்கட்டப் போகிறோம் என்று கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு விதி வந்தது. இப்படிப்பட்ட கம்பெனிக்கு உண்மையான உரிமையாளர் யார் என்று பேர் எழுதிக் கொடுக்க வேண்டும். முதலாளிகள் நடுங்கிப்போவார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ, ஆம்பூரில் ஒருவரும் நடுங்கவில்லை. டெஸ்பாட்சில் ஜெபராஜ் என்று ஒருவர் இருக்கிறார், காட்டின இடத்தில் கையெழுத்துப் போடுவார் என்று மேனேஜர் மூர்த்திக்குத் தெரிந்திருந்தது. மழை பெய்தால் ஒழுகுகிற இடமெல்லாம் பாத்திரம் வைக்கிற வாடகை வீட்டுக்காரர், கோடிக்கணக்கில் புரளும் கம்பெனிக்கு உண்மையான உரிமையாளர் ஆனார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தக் காகிதத்தை அப்பா எப்சியிடம்தான் கொண்டுவந்தார். "ஒரு வாட்டி படிச்சுச் சொல்லும்மா, இங்கிலீஷா கீது" என்றார். அவள் அரையாண்டுப் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். "கம்பெனி பேப்பர்தானேப்பா? கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றாள். அவள் மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் டீச்சர். அதை நினைக்கும்போதெல்லாம் தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும். அப்பாவுக்கே பிற்பாடு ஏதோ புரிந்தது. "பொட்டி ஒரு எடத்துக்குப் போவுது, பில்லு வேற எடத்துக்குப் போவுதும்மா" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். அப்போதுதான் அவள் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தாள். என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் பக்கவாதம் வந்து வலது கையையும் பேச்சையும் கொண்டுபோயிற்று. அது நடந்து நாலு மாசம்.

வீட்டு வாசலில் ஷாமியானாவுக்குக் கீழே கூட்டம் அதிகமாகியிருந்தது. போஸ்டர் செய்த வேலை. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிப் பார்க்காத வேலூர் அத்தை ஐஸ் பெட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். "தீவே ஒண்ணு வாங்கிப் போட்டாராமே, எங்கண்ணன் வாயே தொறக்கலியே" என்று மூக்கைச் சிந்தினாள். எப்சிக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

பன்னிரண்டு மணிக்கு மூர்த்தி வந்தார். ஆள் உயரத்துக்கு மாலை. பெட்டியின் மேல் சாத்திவிட்டு, கண்ணை மூடி நின்றார். பிறகு எப்சியின் அருகில் வந்து மெதுவாகச் சொன்னார். "டீச்சர், உள்ள ஒரு நிமிஷம் பேசலாமா? அம்மாவும் வரட்டும்."

சமையல்கட்டில் அவர் தோல்பையிலிருந்து ஒரு காகிதத்தையும் ஸ்டாம்ப் பேடையும் எடுத்து மேடையில் வைத்தார். எப்சி இந்தத் தடவை வரி விடாமல் படித்தாள். 'மரோனா ஹோல்டிங்ஸை, நான் வேலை பார்க்கும் கம்பெனிக்குத் தெரியாமல், என் சொந்த ஆதாயத்துக்காக நானே நடத்தினேன்.' கீழே அப்பாவின் பெயர். தேதி போன மாசத்துத் தேதி.

"கைநாட்டு ஒண்ணு போதும் டீச்சர். கை வராத மனுஷன், சந்தேகமே வராது."

"செத்துட்டாரு சார்."

"போன மாசம் இருந்தாரே."

எப்சி காகிதத்தை அவர் பக்கம் தள்ளினாள். "எங்கப்பாவ திருடன்னு எழுதியிருக்கீங்க."

"செத்தவர யாரும்மா ஜெயில்ல போடப் போறாங்க?" மூர்த்தியின் குரலில் நிஜமாகவே இரக்கம் இருந்தது, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "வரி ஆபீஸ்ல இருந்து லெட்டர் வந்துடுச்சு. அவரோட முடிஞ்சா எல்லாருக்கும் முடிஞ்சுது. இல்லன்னா கம்பெனிய மூடுவாங்க, ரெண்டாயிரம் பொம்பளைங்க தெருவுக்கு வருவாங்க. பாவம் இல்லியா? ஜெபராஜ் அண்ணனோட செட்டில்மென்ட் செக் கார்லயே இருக்கு. இது முடிஞ்சா இப்பவே அம்மா கையில குடுத்துடுவேன்."

எப்சி அம்மாவைப் பார்த்தாள். ஜெயசீலி அதுவரை அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடுத்துடு எப்சி" என்றாள். "இருந்தப்பவும் அது அவங்க கைதான். செத்தப்புறம் மட்டும் நம்ம கையா ஆயிடுமா?"

எப்சி காகிதத்தை எடுத்துக்கொண்டாள். "நீங்களும் வர்றீங்களா சார், விரல் புடிக்க?"

மூர்த்தி ஓர் அடி பின்னால் போனார். "இல்ல டீச்சர். எனக்கு அதெல்லாம் பாக்க முடியாது. நான் வெளில நிக்கிறேன்."

அப்பாவுக்குக் கோட் மாட்ட வேண்டும் என்று சொல்லி எல்லாரையும் கூடத்திலிருந்து அனுப்பிவிட்டு எப்சி கதவைச் சாத்தினாள். பெட்டியின் மூடியைத் தூக்கினாள். இடது கை மார்பின் மேல் இருந்தது. கட்டைவிரல் உள்ளே மடங்கி இறுகியிருந்தது. பலமாக இழுத்தால் வந்துவிடும். அதைப் பிடித்தாள். ஐந்தாம் வகுப்புக்குமேல் படிக்காத அந்த மனிதர் இங்கிலீஷில் தன் பெயரை மட்டும் அழகாக எழுதக் கற்று வைத்திருந்தார். அந்த அழகான கையெழுத்துதான் அவரைக் கவிழ்த்தது. இப்போது விரலையும் கேட்கிறார்கள்.

அப்பாவின் இரண்டு கைகளுக்கும் வெள்ளைக் கையுறையை மாட்டினாள். பிறகு ஸ்டாம்ப் பேடைத் திறந்து, தன்னுடைய கட்டைவிரலை ஊதா மையில் அழுத்தி, அப்பாவின் பெயருக்கு மேலே வைத்தாள்.

என்ன செய்கிறோம் என்று தெரிந்துதான் செய்தாள். அப்பாவின் ரேகை ஆதாரில் இருக்கிறது. என்றைக்காவது யாராவது ஒப்பிட்டுப் பார்த்தால், ஜெபராஜ் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை என்று இந்தக் காகிதமே சொல்லும். அன்றைக்கு அவள் மேலும் கேஸ் வரும். வரட்டும். படித்துப் பார்க்காமல் போடச் சொன்னவள் அவள்தானே.

மூர்த்தி காகிதத்தை வாங்கி ஊதினார். "நல்லா விழுந்திருக்கு" என்று சொல்லி டிரைவரிடம் கொடுத்தார். கார் அப்போதே சென்னைக்குக் கிளம்பிவிட்டது. அம்மா செக் இருந்த கவரை வாங்கி, பிரித்துக்கூடப் பார்க்காமல் இடுப்பில் செருகிக்கொண்டாள். எப்சி கொல்லைக் குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். மை போகவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் வெயில் கொளுத்தியது. பாஸ்டர் ஜெபத்தைச் சுருக்கமாக முடித்தார். பெட்டியை இறக்கினதும், முதலில் வீட்டுக்காரர்கள் மண் போடலாம் என்றார். ஜெயசீலி போட்டாள். எப்சி குனிந்து இரண்டு கையிலும் மண்ணை அள்ளினாள்.

குழிக்கு அந்தப் பக்கம் மூர்த்தி நின்றிருந்தார். அவள் கை விரிந்து மண் சரிந்தபோது அவள் கட்டைவிரலில் இருந்த ஊதா மையை அவர் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். மறுபடியும் அவள் விரலைப் பார்த்தார். அவர் கை சட்டைப் பையிலிருந்த போனுக்குப் போய், எடுக்காமல் நின்றது. காகிதம் இந்நேரம் சென்னையை நெருங்கியிருக்கும். எப்சி விரலை மறைக்கவில்லை.

"அடுத்தவங்க வாங்க" என்றார் பாஸ்டர். "கம்பெனி சார்புல யாராச்சும்."

மூர்த்தி குனிந்து ஒரு பிடி மண் எடுத்தார். அதைப் போடாமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.