மூன்று முறை நலம்

தையல்காரருக்கு மனைவி மேல் ஒரே ஒரு புகார்தான். உடம்பு நெருப்பாய்க் கொதித்தாலும் "ஒண்ணுமில்ல" என்பாள். பிரசவ வலியோடு துணி மடித்து வைத்த மகராசி.

அவளுக்கு மலையில் வேலை. ஆங்காங்கே நட்டிருக்கும் மழைமானிகளைத் துடைத்து, பேட்டரி மாற்றி, நாள் முழுக்கத் தன்னந்தனியாக நடப்பாள். செல்போன் அங்கே வெறும் கடிகாரம். அதனால் அலுவலகம் உள்ளங்கை அகலத்தில் ஒரு சாட்டிலைட் கருவி கொடுத்திருந்தது. பொத்தானை அழுத்தினால், அவள் இருக்கும் இடத்தோடு 'நலம்' என்று அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் செய்தி வரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அழுத்த வேண்டும். ஆபத்தென்றால் மூடி போட்ட சிவப்புப் பொத்தான்.

போன மாதம் 'நலம்' இருபது நிமிடம் தாமதமானதற்கே நம்ம ஆள் அலுவலகத்தை இரண்டுபடுத்திவிட்டார். மீட்பு ஆட்கள் மூச்சிரைக்க ஏறிப் போனால், அவள் பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். ஒரு வாரம் அலுவலகமே அவளைக் கேலி செய்தது. இனி அவசரப்பட்டுத் தன் மானத்தை வாங்கக்கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

இன்று பத்து மணிக்கு 'நலம்' வந்தது. பன்னிரண்டுக்கும் வந்தது. பன்னிரண்டேகாலுக்கு இன்னொன்று. பன்னிரண்டரைக்கு மறுபடியும் ஒன்று. பன்னிரண்டிலிருந்து வந்த மூன்றும் ஒரே இடத்திலிருந்து, ஓடைக்கரை. நல்ல செய்தியாகத்தான் வந்து குவிந்தது. ஆனால் அவருக்கு மனசு ஒப்பவில்லை. பாதி தைத்த சட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டுப் போனை எடுத்தார்.

'நலம்' என்று வந்ததற்காக மீட்பு கேட்கும் முதல் ஆள் நீங்கள்தான் என்றார் மேற்பார்வையாளர். தப்பாகிப் போனால் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது என்று தையல்காரருக்கும் உதறல்தான்.

"என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க சார். ஆளை மட்டும் அனுப்புங்க."

மூன்று மணிக்கு அவளைக் கண்டெடுத்தார்கள். கணுக்கால் முறிந்து, ஓடைக் கற்களில் கையூன்றி இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருந்தவள், அவரைப் பார்த்ததுமே பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். "நலம்னுதானே அனுப்பினேன்? சிவப்பை அழுத்தியிருந்தா நீங்க பயத்துலயே விழுந்திருப்பீங்க."

"ஒரு தடவை அனுப்பியிருந்தா நம்பியிருப்பேன். மூணு தடவை என்னைத் தேத்துனியே, அப்பவே தெரிஞ்சுபோச்சு."

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு திரும்பாமலே அவர் கையைத் தேடிப் பிடித்தாள்.

"வலிக்குதுங்க" என்றாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அவர் கேட்டதே இல்லை. கண் நிறைந்துவிட்டது. நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, எங்கெல்லாம் வலிக்கிறது என்று கேட்டார். கணுக்காலில் தொடங்கினாள். சொல்லி முடிக்க வெகு நேரமாயிற்று.