கேள்விப் பக்கம்

மருந்துக்கடைக்கு மேலே இருந்த அறையில் மாலை வேளைகளில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடந்தது. சொல்லிக்கொடுத்தவள் பகலில் கீழே அதே கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிற பெண். வந்தவர்கள் எல்லோரும் அவளைவிட மூத்தவர்கள். ஆனாலும் "டீச்சரம்மா" என்றுதான் கூப்பிட்டார்கள். பாடம் தொடங்குமுன் அவள் கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் நிற்பாள். மற்றவர்களும் நிற்பார்கள். அவரவர் சாமியை அவரவர் நினைத்துக்கொள்ளலாம்.

சலவைக்கடை அக்கா அப்போதெல்லாம் ஒன்றையேதான் வேண்டிக்கொள்வாள்: கடல் தாண்டி இருக்கும் மகள் நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும். வேலைக்குப் போன ஊரிலேயே மகள் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். நல்ல பையன்தான். இப்போது அவளுக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. போய்ப் பக்கத்தில் இருக்க அக்காவுக்கு வழியில்லை. பிரசவத்தின்போது கூட இருந்து பார்த்துக்கொள்ளப்போவது மாப்பிள்ளையின் அம்மா. அந்தச் சம்பந்தியம்மாளின் தாய்மொழி வேறு. இரண்டு பேருக்கும் பொதுவாக இருக்க முடிந்தது கொஞ்சூண்டு ஆங்கிலம்.

"உங்க பொண்ணே நடுவுல நின்னு மொழிபெயர்க்கலாமே அக்கா?" என்று டீச்சரம்மா முதல் நாளே கேட்டாள்.

"அவளா? எதைக் கேட்டாலும் 'நல்லா இருக்கேம்மா'ன்னு ஒரே பாட்டு. சின்ன வயசுல ஒடம்பு நெருப்பாக் கொதிக்கும்போதும் அதேதான் சொன்னா. எனக்குச் சம்பந்தியம்மா வாயால கேக்கணும்."

வகுப்பில் இருவர் இருவராக உட்கார்ந்து பேசிப் பழக வேண்டும். ஒருவர் கேட்க, மற்றவர் பதில் சொல்ல. அக்காவுக்கு ஜோடியாக அமைந்தவர் பஸ் டிரைவர்.

"நீ கேளும்மா தங்கச்சி, நான் சொல்றேன்," என்றார் அவர். "காலையிலேருந்து ஜனங்க கேட்டுக் கேட்டே என் உசிரை வாங்கறாங்க. அங்க போகுமா, இங்க நிக்குமான்னு. பதில் சொல்றது எனக்குக் கைவந்த வேலை."

"நல்லதாப் போச்சு அண்ணே. என் கடையில நான் கேட்டாத்தான் வேலையே ஓடும். கஞ்சி போடணுமா, எப்ப வேணும், இந்தக் கறை எப்படி வந்துச்சு..."

"கறை எப்படி வந்துச்சுன்னுமா கேப்பே?"

"கேக்காம? காபியா, மையான்னு தெரிஞ்சாத்தானே போக்க முடியும்? சில ஆம்பளைங்க முழிக்கிற முழியைப் பாக்கணுமே!"

டிரைவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஜோடி பாடத்தை மறந்தது.

அதன்பிறகு அக்கா கேள்விப் பக்கம், டிரைவர் பதில் பக்கம் என்று ஆகிவிட்டது. இடம் மாற்றி உட்காரச் சொல்லலாமா என்று டீச்சரம்மாவுக்கு ஒருமுறை தோன்றியது. இருவரும் தங்குதடையின்றிப் பேசுவதைப் பார்த்து, சந்தோஷமாக இருக்கிறார்களே, கெடுப்பானேன் என்று விட்டுவிட்டாள். அது ஒரு கருணைதான். ஆனால் கருணைக்கும் சில நேரம் கண் தெரிவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் போனைச் சம்பந்தியம்மாள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனாள். திரையில் கண்ணாடி போட்ட மெலிந்த முகம் ஒன்று கூச்சத்தோடு சிரித்தது. "நீங்க அங்க தனியாவா இருக்கீங்க?" என்று சின்னச் சின்ன ஆங்கில வார்த்தைகளில் மெதுவாகக் கேட்டது.

அக்காவுக்குக் கேள்வி நன்றாகப் புரிந்தது. பதில்தான் வரவில்லை. அவள் காதில் ஏறியிருந்த பதிலெல்லாம் டிரைவருடைய பதில்கள். 'ஐ டிரைவ் எ பஸ்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, தெரிந்த பாதையில் இறங்கினாள். பொண்ணு சாப்பிடுகிறாளா? தூங்குகிறாளா? கால் வீங்கியிருக்கிறதா? டாக்டர் என்ன சொன்னார்? சமைப்பது யார்? துணி துவைப்பது யார்? ராத்திரி பக்கத்தில் யார்? ஒரு வார்த்தை பிசகவில்லை. எதிரே இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அணைந்ததை மட்டும் அவள் கவனிக்கவில்லை.

பொழுது சாய மகள் கூப்பிட்டாள். "என்னம்மா பண்ணி வெச்சே? அத்தை ஒரே அழுகை. 'உங்கம்மாவுக்கு என்மேல நம்பிக்கையே இல்ல, போலீஸ் மாதிரி விசாரிக்கறாங்க'ன்னு. அவங்க ஆசையாக் கேட்டதுக்கு நீ பதில்கூடச் சொல்லலையாமே? இனிமே எதுவானாலும் என்கிட்டயே பேசு. போதும்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். மகளைப் பார்த்துக்கொள்ளப்போகிற கைகளையே அல்லவா நோகடித்துவிட்டோம்!

அடுத்த வகுப்பில் கண்ணீரும் கம்பலையுமாக நடந்ததைச் சொன்னாள். டீச்சரம்மா கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தாள். பிறகு, "தப்பு என்மேலதான் அக்கா. எழுந்திருங்க, அண்ணன் இடத்துல உக்காருங்க. அண்ணே, அந்த அம்மா கேட்டதையே நீங்க கேளுங்க," என்றாள்.

டிரைவருக்கு வியர்த்தது. கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். தொண்டையைச் செருமி, தட்டுத்தடுமாறிக் கேட்டார். "ஆர் யூ அலோன்?"

அக்கா கூரையைப் பார்த்தாள். கீழே கடையில் யாரோ இருமல் மருந்து கேட்பது மேலே கேட்டது. டீச்சரம்மா வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை.

"யெஸ்," என்றாள் அக்கா கடைசியில். "அலோன். ஈவினிங்... ஹவுஸ் வெரி கொயட்." கணவன் இறந்தபின் அவள் எந்த மொழியிலும் யாரிடமும் சொல்லியிராத விஷயம் அது.

டிரைவர் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. தன் பிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் டீ ஊற்றி, அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மகளிடம் கெஞ்சிக் கூத்தாடித்தான் அக்கா மறுபடி போனைச் சம்பந்தியிடம் கொடுக்க வைத்தாள். "ஒரே நிமிஷம்டி. சாமி சத்தியமா ஒரு கேள்விகூடக் கேக்கமாட்டேன்."

சம்பந்தியம்மாள் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா கண்ணை மூடித் திறந்தாள். "அன்னிக்கு நீங்க கேட்டீங்க," என்று ஆங்கிலத்தில் ஒவ்வொரு வார்த்தையாகக் கோத்தாள். "நான் பதில் சொல்லல. ஆமா, நான் தனியா இருக்கேன். எனக்குப் பயமா இருக்கு. பொண்ணு பக்கத்துல நீங்க இருக்கீங்க. அதனால தூங்கறேன். தேங்க் யூ."

எதிரே அந்தக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டது ஒரு கை. "எனக்கும் பயம்தான்," என்றாள் சம்பந்தி. "எதைக் கேட்டாலும் 'ஃபைன், ஃபைன்'னு சொல்றா. நிஜமான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

உலகத்திலேயே அக்காவுக்கு மட்டும் பதில் தெரிந்த கேள்வி அது. "பொய் சொல்லும்போது," என்று தன் காது மடலைப் பிடித்து இழுத்துக் காட்டினாள், "இப்படிச் செய்வா. சின்ன வயசுலேருந்து."

அந்த நேரம் பார்த்து மகள் அறைக்குள் வந்தாள். "என்ன, ரெண்டு பேரும் சமாதானமா?"

சம்பந்தியம்மாள் திரும்பி, "ஹௌ ஆர் யூ?" என்றாள்.

"ஃபைன் அத்தை," என்ற மகளின் கை காதுக்குப் போனது.

இரண்டு அம்மாக்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சம்பந்தியம்மாள் போனைக் கீழே வைத்தாள். இப்போது திரையில் வெறும் கூரைதான் தெரிந்தது. ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் வந்தது. "உக்காரு, காலை மேல வை," என்று அதட்டும் குரல் கேட்டது. பிறகு மகள் தன்னையறியாமல் தமிழில் முனகினாள்: "ஐயோ, வலிக்குது அத்தை, மெல்லப் பிடிச்சு விடுங்க."

'நல்லா இருக்கேம்மா' அல்லாத ஒரு பதிலை அக்கா கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. அந்தக் கூரையைப் பார்த்தபடியே அவள் இரு கைகளையும் கூப்பினாள்.