வெற்றிலையைத் திருப்பி வைத்தவன்

அம்மாக்கண்ணு சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பூட்டு மசியவில்லை. அட, பூட்டே வேறு! பளபளவென்று புதுப் பித்தளைப் பூட்டு. கம்போங் ராஜாவில் இருக்கும் இந்த வீட்டுக்கு அவளைத் தவிர எவன் வந்து பூட்டுப் போடுவான்? தோட்டத்து லயத்து வீட்டை மாதக் கடைசியில் நிர்வாகத்திடம் ஒப்படைத்தாக வேண்டும். காலமெல்லாம் கொழுந்து பறித்தாலும் ஓய்வு பெற்றவளுக்கு அங்கே இடமில்லை. செத்துப்போன புருஷன் சேமநிதியைக் கொட்டி, அவள் பேரில் வாங்கிய இந்த வீடுதான் இனி கதி. கூட்டிப் பெருக்கி வைக்கலாம் என்று வந்தவள் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

அப்போதுதான் சாமான் லோரி ஒன்று வந்து நின்றது. பக்கத்து ஊரான திரிங்காப்பில் காய்கறி மூட்டை ஏற்றும் மகேஸ்வரன் என்பவன் இறங்கினான். பின்னாலேயே அவன் மனைவி, நிறைமாத வயிற்றோடு.

"யாரு தம்பி நீங்க? இது என் வூடு."

அவன் முகம் செத்துவிட்டது. "நான் வாங்கிட்டேனே அக்கா. உங்க கொழுந்தன் குணாளன்தான் வித்தாரு. உங்க பேருக்கு அவருகிட்ட பவர் இருக்குலா."

இருந்தது, வாஸ்தவம்தான். புருஷன் போன பிறகு வரி, நில அலுவலகம் என்று அலைய முடியாமல், லாயர் முன்னால் அவள்தான் குணாளனுக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தாள். தோட்டத்து வழக்கப்படி வெற்றிலை பாக்கும் கொடுத்தாள். பாவி, லாட்டரி நம்பர் எடுத்தே கெட்டவன்! அது காதுக்கு வந்ததும் ஆடிப் பூசையில் ஊரைக் கூட்டிவிட்டாள். குணாளன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு முனியாண்டி காலடியில் வெற்றிலையைத் திருப்பி வைத்தான். அந்தத் தோட்டத்தில் கோயில் பொறுப்பானாலும் சீட்டுப் பொறுப்பானாலும் வெற்றிலையில் கொடுப்பதுதான், வெற்றிலையில் வாங்குவதுதான். திருப்பி வைத்தவனுக்கு அப்புறம் அதில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதோடு முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினாள், பைத்தியக்காரி.

குணாளனுக்கு அடித்துப் பார்த்தாள். போன் அணைந்து கிடந்தது. மகேஸ்வரன் தன் லாயர் வாணியை அழைத்து விவரம் சொல்லி, போனை அம்மாக்கண்ணுவின் வாயருகே பிடித்தான்.

"பவரை ரத்து பண்ணதா கோர்ட்ல பதிஞ்சீங்களாம்மா?"

"கோயில்ல ஊரே பாத்துச்சும்மா."

"கோயில்ல செஞ்சது சட்டத்துக்குத் தெரியாதும்மா. அதுக்கு அந்தப் பவர் உயிரோடதான் இருந்துச்சு. அவரு போட்ட கையெழுத்து நீங்களே போட்ட மாதிரி."

"நான் போடலியே!"

"போட்டதாத்தாம்மா அர்த்தம். அவரு மேல கேஸ் போடலாம். ஆனா, வாங்கினவருக்கு இது எதுவும் தெரியாதுலா? வீடு திரும்பக் கிடைக்கிறது கஷ்டம்."

யார் மேல் ஆத்திரப்படுவது? எதிரில் நின்றவனைத் திட்ட வாயெடுத்தாள். அவனோ அழுதுவிடுவான் போல நின்றான். "எல்லாத்தையும் வித்துதான் வாங்கினேன் அக்கா," என்றான். அவளுக்கு அவனை நம்பத்தான் தோன்றியது. அதுதான் கொடுமை. ஒரு திருடனாக இருந்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பாள்.

மலையிலிருந்து மழை இறங்கிக்கொண்டு வந்தது. மகேஸ்வரன் ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தான். அரிசிப் பானையையும் சாமிப் படத்தையும் உள்ளே கொண்டுபோய் வைத்தான். அவன் மனைவி வாசற்படியில் நின்று இவளைப் பார்த்தாள்.

"நனையாதீங்க அக்கா. உள்ள வாங்க."

அம்மாக்கண்ணு செருப்பைக் கழற்றினாள். படி வரைக்கும் போனவளுக்கு அதற்கு மேல் கால் எழவில்லை. மழை முதுகை நனைக்க, உள்ளே பெட்டியை நகர்த்திக்கொண்டிருந்தவனைப் பார்த்துக் கேட்டாள்.

"வரலாமா தம்பி?"